நீலகிரியில் டிரவுட்

உதகமண்டலத்திலிருந்து அவலாஞ்சிக்குத் தூண்டில் யாத்திரை புறப்படுகிறவர், கோலையும் நூலையும் மீனை ஏமாற்ற இறகால் கட்டிய போலி ஈக்கள் அடங்கிய சிறு பெட்டியையும் சரிபார்த்து, ஓடையின் வளைவுகளை அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அமர்த்திக்கொண்டதும், தம் ஆயத்தங்கள் யாவும் முடிந்தன என்று எண்ணுவது இயல்பு. அந்த ஆயத்தமோ அவர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, 1863-ல் தொடங்கியது. ஏனெனில் நீலகிரி ஓடைகளில் அக்காலத்தில் டிரவுட் என்னும் மீனே கிடையாது.

சென்னை ராஜதானியில் வைத்தியராயிருந்து, பிற்காலத்தில் இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிரான்ஸிஸ் டே என்பவர், சீமையின் குளிர்ந்த நதிகளில் வாழும் அம்மீனை இம்மலைக்குக் கொணர முயன்றார். சூயஸ் கால்வாய் திறக்கப்படாத அந்நாளில், குளிர்ந்த தண்ணீரும் அதில் கரைந்த பிராணவாயுவும் குறைந்தால் உயிர் தரிக்காத ஜீவனை உஷ்ண சமுத்திரங்களைக் கடத்தி மலையேற்றுவது எளிதா? அம்முயற்சி பலிக்கவில்லை.

மீன் வேரூன்றும் முன்பே சட்டம் வந்துவிட்டது என்பதுதான் விந்தை! 1879-ல் நீலகிரி வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்கச் சட்டம் செய்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்னும் நிபுணர் வந்து, அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர நதிகளுக்குரிய வானவில் டிரவுட்டை இங்கே நிலைபெறச் செய்த பிறகே, அச்சட்டத்தில் உள்ள மீன் என்ற சொல்லுக்குத் துரைமார்கள் விரும்பிய பொருள் கிட்டியது.

அதன்பின் வந்த துரைமார்களின் ஆயத்தம் ஒரு பூஜைக்குச் சமானம். பிளந்த மூங்கிற் கீற்றுகள் ஆறினை ஒட்டிச் செய்த கோல். மிதப்பதற்காகக் கொழுப்புத் தடவிய பட்டு நூல், அதையும் மாலையில் உலர்த்தாவிடில் இற்றுவிடும். நுனியில் பட்டுப்புழுவின் குடலிலிருந்து இழுத்த மெல்லிய நரம்பு, அதுவோ ஊறவைத்தாலன்றி முடிச்சிடும்போது முறிந்துவிடும். இத்தனையும் இருந்தாலும் எந்த மடுவில் மீன் ஒதுங்கும், எப்பக்கம் நின்றால் நிழல் நீரில் விழாது என்பதை அறிந்தவர் கூட வரும் மலைவாசியே. டேயின் பெயரும் வில்சனின் பெயரும் நூல்களில் நிற்கின்றன. வழிகாட்டியின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. இது நியாயமன்று என்பதே என் கருத்து.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சீமையில் கட்டிய போலி ஈக்கள் பலவற்றில் பளபளத்தது நம் காட்டுச் சேவலின் கழுத்திறகு. மெழுகு பூசினாற்போன்ற புள்ளிகளுடைய அவ்விறகு கப்பலேறி மேற்கே சென்றது, மீன் கிழக்கே வந்தது. பறவை இறகுகளின் ஏற்றுமதியை இந்திய அரசாங்கம் 1902-ல் தடைசெய்தது. நீலகிரியில் டிரவுட் நிலைபெற்றது அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே.