கம்பியற்ற இணைப்பும் மலையகத்துப் பழங்கணினியும்

கம்பியின்றிச் செய்தி செல்வது மலையகத்துக்குப் புதுமையன்று. 1982 இல் ரூபவாஹினி தொடங்கப்பெற்றபோது அதன் அலைபரப்பு நிலையம் 2,524 மீற்றர் உயரமுடைய பீதுருதலாகலைச் சிகரத்திலேயே அமைந்தது. ஆயினும், 2020 இல் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் அலைத்தொடர்பு கிட்டும் மேடுகளைத் தேடி நடக்கவே நேர்ந்தது. லயத்துக் காம்பராவொன்றிற் கைமாறி வந்த மடிக்கணினி இருப்பினும், அதன் வைஃபை ஓய்ந்துவிடின் அது வெறும் பெட்டியே. அவ்வாறு ஓய்வதற்குப் பழுதுதான் காரணமாதல் வேண்டுமென்பதில்லை, புதுப்பித்தலும் காரணமாகலாம்.

பழைய கணினிகளிலும் இயங்கவல்ல லினக்ஸ், ஹெல்சிங்கி மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸினால் 1991 இல் வெளியிடப்பெற்றது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஆனால் வைஃபை வன்பொருளை இயக்கும் முறையைப் புரோட்கொம் நிறுவனம் அக்காலத்தில் வெளியிடவில்லை. எனவே தன்னார்வலருள் ஒரு குழுவினர், நிறுவனத்தின் இயக்கி நிரலை ஆராய்ந்து அதன் செயன்முறையை எழுதிவைக்க, மற்றொரு குழுவினர் அவ்வெழுத்தை மாத்திரங் கொண்டு புதிய இயக்கியை ஆக்கினர். 2006 யூனில் அது லினக்ஸிற் சேர்ந்தது.

2008 சனவரியில் அதனிடத்துக்குப் பீ-43 என்னும் இயக்கி வந்தது. ஈண்டுதான் இடர் தோன்றிற்று. வன்பொருளினுள் ஏற்றப்படும் நிலைபொருளின் பழைய பதிப்பைப் புதிய இயக்கி ஏற்கவில்லை. நேற்று வரை இயங்கியது இன்று இயங்காமற் போவதையே பின்னடைவு என்பர். புதிய பதிப்பை உடன் வழங்க நிறுவனத்தின் அனுமதி இல்லாமையால், பயனரே அதனை இணையத்திலிருந்து பெறவேண்டியதாயிற்று. அறுந்த இணைப்பைச் சீராக்க இணைப்பே வேண்டும்! கொழும்பிலுள்ளவர் கம்பியைச் செருகி இதனைத் தீர்த்துக்கொள்ளலாம். காம்பராவிற் கம்பிக்கு எங்கே போவது?

காரணம் புலப்படாத பின்னடைவுகளுக்கு வேறொரு வழி உண்டு. மலையூற்றிலிருந்து லயத்துக்கு வரும் நீர்க்குழாய் அடைபட்டால், நடுவே திறந்து பார்த்து, நீர் வரின் கீழ்ப்பாதியையும் வராவிடின் மேற்பாதியையும் சோதிப்பது அறிவுடைமை. 2005 இல் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட் என்னும் கருவியிலும் இம்முறை அவ்வாண்டிலேயே இடம்பெற்றது. இரு வெளியீடுகளுக்கிடையே 10,000 மாற்றங்கள் இருப்பினும் 14 சோதனைகளுக்குள் பிழையான மாற்றம் அகப்படும். நிரலறிவு வேண்டியதில்லை, இயங்குகிறதா, இல்லையா என்று சொன்னாற் போதும். பயனரிடம் இயங்கியதைக் கெடுக்கும் மாற்றத்தைத் திருத்தவோ விலக்கவோ வேண்டுமென்பது டோர்வால்ட்ஸ் வற்புறுத்திய விதி. எனினும் ஒவ்வொரு சோதனைக்கும் நிரலைப் புதிதாய்த் தொகுக்க வேண்டும். பழங்கணினியில் அது மணிக்கணக்கான வேலை. முறையிடும் உரிமை எல்லார்க்கும் பொதுவாயினும், முறையிடும் வசதி அவ்வாறன்று.

2010 செப்டம்பரில் புரோட்கொம் தன் இயக்கியொன்றின் மூலநிரலை வெளியிட்டது. அது அந்நாளைய புதிய சில்லுகளுக்கே உரியது. பழைய சில்லுகளைத் தாங்கிய மடிக்கணினிகள் பீ-43 இயக்கியையும், தேடிப் பெறவேண்டிய நிலைபொருளையுமே தொடர்ந்து நம்பியிருந்தன.