பொம்மை கூறும் வரலாறு

வரலாறு என்றதும் நம் நினைவிற்கு வருவன கல்வெட்டும் செப்பேடும், கோட்டையும் கொத்தளமும், மன்னர் வென்ற போர்களுமே ஆகும். சிறுமியர் ஆடை உடுத்தி மகிழும் பொம்மையை வரலாற்றுச் சான்று என்று ஒருவர் கூறினால் நமக்கு நகைப்பே தோன்றும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு நகைத்தவனே. அந்த நகைப்பு என்னை இழைக்கச் செய்த பிழையை முதலில் கூறிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர்ப் பாரிஸ் நகரில் கல்வி பயின்றபோது, மூதாட்டி ஒருவரின் இல்லத்தில் தங்கியிருந்தேன். பீங்கான் தலையும் தோலுடலும் கொண்ட பழைய பொம்மை ஒன்று அவரிடம் இருந்தது. அதன் முழங்கையில் தையல் பிரிந்து, உள்ளே அடைத்திருந்த மரத்தூள் உதிர்ந்துகொண்டிருந்தது. அதனைச் செப்பனிட்டு வருமாறு என்னிடம் கொடுத்தார். பழுது பார்ப்பவர் கையைத் தைத்து முடித்துவிட்டு, "உடை மிகவும் நைந்துவிட்டதே, புதிய பட்டில் ஒன்று தைத்துவிடட்டுமா?" என்று கேட்டார். மூதாட்டி மகிழ்வார் என்று எண்ணி நான் இசைந்தேன். பழைய உடை குப்பைக்குப் போயிற்று. பளபளக்கும் புத்தாடையோடு நான் கொணர்ந்த பொம்மையை அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இவள் யார்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பழைய உடையை அவருடைய பாட்டியார் சிறுமியாக இருந்தபோது, தம் தாயின் மணவுடையில் எஞ்சிய துணியைக்கொண்டு தைத்தாராம். அதனை நான் பின்னரே அறிந்தேன். எதை இழக்கச் செய்தேன் என்று உணர்வதற்காகவே இப்பொம்மைகளின் வரலாற்றைக் கற்கத் தொடங்கினேன்.

பாஷன் பொம்மை என்று மேல்நாட்டார் குறிப்பிடும் நாகரிகப் பொம்மை, தொடக்கத்தில் விளையாட்டுப் பொருளாக இருந்ததில்லை. அது ஒரு தூதராக இருந்தது. நிழற்படமும் வண்ண இதழும் இல்லாத நாளில், பாரிஸில் இவ்வாண்டு எத்தகைய உடை அணிகிறார்கள் என்பதைப் பிற நாட்டார் எங்ஙனம் அறிவர்? தையற்கலைஞர் ஒரு பொம்மைக்குப் புதுப்பாணி உடையை முழுமையாக உடுத்தி, அதனை அயல்நாட்டு அரண்மனைகளுக்கு அனுப்பினர். இவ்வழக்கம் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரெஞ்சு அரசவையில் இருந்தது. பின்னாளில் இப்பொம்மைகள் 'பண்டோரா' என்று பெயர் பெற்றன. பெரிய பண்டோரா அரசவைக்குரிய உடையையும், சிறிய பண்டோரா அன்றாட உடையையும் காட்டின. அரசி மாரி அந்துவானெத்தின் ஆடை வடிவமைப்பாளராகப் புகழ்பெற்ற ரோஸ் பெர்த்தென் அம்மையாரும் இத்தகைய பொம்மைகளை அயல்நாடுகளுக்கு அனுப்பினார். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வண்ணப் படங்களைத் தாங்கிய நாகரிக இதழ்கள் பெருகின. ஒரு தாள் கூறக்கூடிய செய்திக்கு ஒரு பொம்மையை அனுப்புவானேன்? பொம்மையின் தூதுப்பணி ஓய்ந்தது.

ஓய்ந்த தூதர் சிறுமியரின் கைக்கு வந்து சேர்ந்தார். 1850-க்குப் பின்னர்ப் பாரிஸில் செல்வர் வீட்டுப் பெண்களுக்காக வளர்ந்த மங்கையின் உருவில் பொம்மைகள் செய்யப்பட்டன. அவற்றுக்குத் தனிப் பெட்டி உண்டு. அதனுள்ளே கையுறை, தொப்பி, குடை, காலணி, உள்ளாடை ஆகிய அனைத்தும் அளவிற்கேற்பச் சிறுத்து அமைந்திருக்கும். எந்த வேளைக்கு எந்த உடை என்பதையும், ஊசி பிடிக்கும் முறையையும் சிறுமி அதன்வழியே கற்றாள்.

இப்பொம்மைகளின் தரத்தை மதிப்பிடுவதைப் பற்றிய சுவையான செய்தி ஒன்றை இங்கே கூறவேண்டும். 1851-இல் இலண்டன் மாநகரில் மாபெரும் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. பாரிஸ் நகரத்து ழுமோ நிறுவனம் தன் பொம்மைகளை அங்கே வைத்தது; பரிசும் பெற்றது. ஆனால் அப்பரிசு பொம்மைக்கு அன்று, அதன் உடைக்கே! உடைகள் மிக அழகியவை என்று பாராட்டிய நடுவர்கள், உடையைத் தாங்கிநின்ற பொம்மைகளில் பாராட்டத்தக்கது ஏதுமில்லை என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டனர். ழுமோ குடும்பத்தார் அதனோடு சோர்ந்துவிடவில்லை. பின்னர்ப் பாரிஸை அடுத்த மோந்த்ரேயில் தொழிற்சாலை அமைத்து, பீங்கான் தலைகளைத் தாமே செய்தனர். 1878-இல் பாரிஸ் பொருட்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றனர். அப்பெருமையைப் பொம்மையின் உடலிலேயே முத்திரையாகப் பொறித்தனர். ஆயினும் மலிவான ஜெர்மானியப் பொம்மைகளின் போட்டி வலுத்தது. 1899-இல் ழுமோ உள்ளிட்ட பிரெஞ்சு நிறுவனங்கள் தனித்து நிற்கமாட்டாமல் ஒரே கூட்டு நிறுவனமாக இணைந்தன.

இப்பொம்மைகளைத் திரட்டுவோர் அவற்றை எங்ஙனம் ஆராய்கின்றனர்? முதலில் தலை. அது மெருகிடாத பீங்கானால் ஆயது. தோலின் மென்மையைக் காட்டவே மெருகு தவிர்க்கப்பட்டது. தலையின் உட்புறம் சிறு விளக்கை வைத்தால், வெளியே புலப்படாத மயிரிழை விரிசலும் ஒளிக்கோடாகத் தெரிந்துவிடும். பழைய தலைகளில் களிமண் அச்சினுள் கையால் அழுத்தப்பட்டது. ஆதலின் உட்புறம் மேடுபள்ளமாக இருக்கும். பிற்காலத்தில் மண்குழம்பை அச்சில் ஊற்றினர், உட்புறம் வழுவழுப்பாயிற்று. அடுத்து, கண்ணாடிக் கண்ணின் ஆழம், புருவத்தை வரைந்த தூரிகையின் உறுதி, தலையின் பின்புறத்திலும் தோள்பட்டையிலும் உள்ள குறிகள் ஆகியவற்றை நோக்குவர். இறுதியாக, உடை. பொம்மையின் உடலளவுக்கு ஏற்ற மெல்லிய துணியா? பொத்தான் மெய்யாகவே கழலுமா? அந்தத் தையல் அந்தக் காலத்துக்கு உரியதா? இத்தனை வினாக்களுக்கும் அடிப்படையான வினா ஒன்று உண்டு: 'இதில் எவ்வளவு முதலில் இருந்தவாறே இருக்கிறது?' அந்த வினாவை அன்று நான் கேட்கத் தவறினேன்.

பொம்மை மீண்டும் தூதராகப் புறப்பட்ட நிகழ்ச்சி நம் காலத்துக்கு அணித்தானது. 1944 ஆகஸ்டில் பாரிஸ் ஜெர்மானியர் பிடியிலிருந்து விடுதலை பெற்றது. நகரில் நிலக்கரி இல்லை, உணவு போதவில்லை, துணிக்கும் பஞ்சம். பாரிஸின் ஆடைத்தொழில் உயிரோடிருக்கிறதா என்று உலகம் ஐயுற்றது. ஆளுயர உருவங்களுக்கு உடுத்தத் துணி ஏது? எனவே ஏறத்தாழ 60 ஆடை நிறுவனங்கள் கூடி, சுமார் 70 செ.மீ. உயரமுள்ள பொம்மைகளுக்கு உடை தைத்தன. எலியான் பொனபெல் வரைந்தார். ழான் சென்-மார்த்தென் இரும்புக் கம்பியால் உடலை வளைத்தார். கத்தலோனியச் சிற்பி ஜோன் ரெபுல் தலைகளை வடித்தார். 1945 மார்ச்சில் லூவர் மாளிகையின் ஒரு பகுதியில், 'நாகரிக அரங்கு' என்று பொருள்படும் 'தெயாத்தர் த லா மோத்' திறக்கப்பட்டது. ஏறத்தாழ 1,00,000 பேர் கண்டனர். திரண்ட பணம் போரினால் துன்புற்றோருக்குச் சென்றது. 1946-இல் அப்பொம்மைகள் அமெரிக்கா சென்றன. காட்சி முடிந்ததும் நகைகள் மட்டுமே பாரிஸ் திரும்பின. பொம்மைகள் அங்கேயே கிடந்தன. 1952-இல் வாஷிங்டன் மாநிலத்தின் மேரிஹில் அருங்காட்சியகம் அவற்றை ஏற்றுக்கொண்டது. 1988-இல் பாரிஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் செப்பனிடப்பட்டன. அழிந்துபோன அரங்க அமைப்புகள் புதிதாகச் செய்யப்பட்டன. இவை பிற்காலத்தில் மீண்டும் செய்யப்பட்டவை என்பதை அவர்கள் மறைக்கவில்லை. செப்பனிடுவது பிழையன்று, செப்பனிட்டதன் பெயரால் சான்றை அழிப்பதே பிழை.

அதன்பின் 1959 மார்ச் 9-ஆம் நாள் நியூயார்க் பொம்மைச் சந்தையில் பார்பி தோன்றியது. ரூத் ஹாண்ட்லர் அம்மையார் ஜெர்மனியின் லில்லி என்னும் பொம்மையைக் கண்டு கொண்ட எண்ணத்தின் விளைவு அது. பதினொன்றரை அங்குல உயரம். விலை 3 டாலர். ஷார்லட் ஜான்சன் வடிவமைத்த உடைகள் ஜப்பானில் நுட்பமாகத் தைக்கப்பட்டன. முதற்பதிப்பின் பாதங்களில் நிறுத்துதண்டிற்கென அமைந்த செப்புக்குழாய்த் துளைகளைத் திரட்டுவோர் இன்றும் தேடுகின்றனர். அக்காலத்து வினைல் நாளடைவில் வெளிறிப்போயிற்று. உலோகக் காதணி பட்ட இடம் பச்சையாயிற்று. பீங்கானுக்கு விரிசல் பகையென்றால், வினைலுக்குக் காலமே பகை.

மாணவர்களே, அந்த மூதாட்டி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அலமாரியின் முன்வரிசையில் இருந்த பொம்மையை அவர் மீண்டும் அங்கே வைக்கவில்லை. பீங்கான் முகம் பழையதுதான், தோலுடலும் பழையதுதான். எனினும் ஒரு சிறுமியின் கை இட்ட தையல் அதில் இல்லை. அவர் அறிந்த பொம்மை அத்தையலிலேதான் இருந்தது. உங்கள் இல்லத்தில் பழைய பொம்மையோ, நைந்த சிற்றாடையோ இருந்தால், அதனைத் துவைக்கும் முன்னும், மாற்றும் முன்னும், முதியோரிடம் சென்று கேளுங்கள்: 'இதைச் செய்தவர் யார்? எந்த ஆண்டில்? எந்தத் துணியில்?' கேட்டதை ஒரு தாளில் எழுதிப் பொருளோடு வையுங்கள். அன்று நான் அந்த மூதாட்டியிடம் அவ்வாறு கேட்டிருப்பின், அவர் என்னிடம் 'இவள் யார்?' என்று கேட்க நேர்ந்திராது.