அடித்தகட்டில் ஒரு பெயர்: மாதிரிக் கார்கள் குறித்துச் சில குறிப்புகள்

'பொம்மைக் கார்' என்று சொன்னால் எங்கள் கூட்டத்தில் சிலருக்குக் கோபம் வரும். 'மாடல்' என்று சொல்ல வேண்டும். பொம்மை குழந்தைக்கு உரியது, விளையாடி உடைப்பதற்கானது. மாடல் பெரியவர்களுக்கு உரியது, பார்ப்பதற்கும் பத்திரப்படுத்துவதற்குமானது. இந்தப் பிரிவினை யாருடைய இழப்பின் மேல் கட்டப்பட்டது என்று கேட்டுக்கொள்ளாமலே இருபத்தைந்து ஆண்டுகளை இந்தப் பழக்கத்தில் கழித்துவிட்டேன். பகலில் தொழிற்சங்க வெளியீடுகளுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு மேல் உப்புத்தாளும் கையுமாக நாலு அங்குலக் காரைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் நான். 'ஏன் தோழர், ஊரே பத்தி எரியுது, நீங்க பொம்மைக்குப் பெயிண்ட் அடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே' என்று ஒரு நண்பர் கேட்டார். சிரித்து மழுப்பினேன். இது அவருக்கான தாமதமான பதில். பதில் என்றுகூடச் சொல்ல முடியாது, வாக்குமூலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோன பிறகு பழைய சாமான் வியாபாரிகள் பலர் அல்லிக்குளம் வளாகத்திற்குப் போனார்கள். அங்கே ஒரு கடையில் கிடைத்தது அந்த மெர்சிடிஸ் பென்ஸ் 220 எஸ்இ. அடித்தகட்டில் 'நிக்கி டாய்ஸ்' என்றிருந்தது. பெயிண்ட் பாதி உதிர்ந்து, ஒரு டயர் இல்லாமல், முன் பம்பர் வளைந்து கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து முறைப்படி எல்லாம் செய்தேன். அடியிலுள்ள ரிவெட்டின் தலையைத் துளையிட்டு எடுத்து, தகட்டையும் உடலையும் பிரித்தேன். பெயிண்ட் ரிமூவரில் போட்டதும் பழைய பூச்சு சுருங்கிச் சுருங்கித் தோலாக உரிந்து வந்தது. உப்புத்தாள், பிரைமர், மெல்லிசாக மூன்று பூச்சு. பம்பருக்கும் முகப்புக் கம்பிக்கும் முன்விளக்குகளுக்கும் மயிரிழைப் பிரஷ்ஷால் வெள்ளி நிறம். அடித்தகட்டில் யாரோ ஆணியால் 'பாபு' என்று கோணல்மாணலாகக் கீறி வைத்திருந்தார்கள். அதையும் தேய்த்து எடுத்துவிட்டேன். பார்த்தவர்கள் எல்லோரும் 'புதுசு மாதிரியே இருக்கு சார்' என்றார்கள். அந்தப் பாராட்டில் இருந்த வன்முறை அப்போது எனக்குப் புலப்படவில்லை.

அந்த அடித்தகட்டில் பாபுவுக்கு முன்பே இன்னொரு பெயர் அழிக்கப்பட்டிருந்தது. அதைச் சொல்வதற்கு லிவர்பூலுக்குப் போக வேண்டும்.

பிராங்க் ஹார்ன்பி 1901இல் காப்புரிமை பெற்ற துளையிட்ட தகடுகளும் திருகுகளும்தான் பின்னர் 'மெக்கானோ' ஆயின. பின்ஸ் ரோடு தொழிற்சாலை 1914இல் வந்தது. 1920இலிருந்து ஹார்ன்பி பொம்மை ரயில்கள். அந்த ரயில் நிலையங்களை நிரப்புவதற்கு 1930களின் தொடக்கத்தில் சிறு வார்ப்புகள் வெளியிடப்பட்டன. முதல் தொகுதியில் கார் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதில் இருந்தவர்கள் ரயில் நிலைய ஊழியர்கள். அடுத்தடுத்து பண்ணை விலங்குகள், பயணிகள், பொறியியல் பணியாளர்கள் என்று வந்தன. 1933 டிசம்பரில்தான் 22ஆம் எண் தொகுதியாகக் கார்களும் லாரிகளும் வந்தன. அப்போது இவற்றின் பொதுப்பெயர் 'மாடல்டு மினியேச்சர்ஸ்'. 1934இல் அது 'டிங்கி டாய்ஸ்' ஆனது. அதாவது 'மாடல்' என்று தொடங்கியது 'பொம்மை' ஆனது. எங்கள் கூட்டத்தார் கோபித்துக்கொள்வதற்கு முன் இந்த வரிசையைக் கொஞ்சம் பார்க்கலாம்.

சேகரிப்பாளர்கள் இன்று வேதவாக்காகச் சொல்லும் 1:43 என்ற அளவும் இந்த ரயிலடியில் பிறந்ததே. பிரிட்டனில் 'ஓ' கேஜ் ரயிலுக்கு ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்பது கணக்கு. வகுத்துப் பார்த்தால் 43.5 வரும். பழைய டிங்கி கார்கள் அந்த அளவுக்குக்கூடக் கண்டிப்பாகக் கட்டுப்பட்டவை அல்ல. பெட்டிக்கும் விலைக்கும் தக்கபடி கூடக்குறைய இருந்தன. துல்லியம் என்பது பின்னால் வந்த மதம். ஓர் உபரிப் பொருளுக்காகச் செய்துகொண்ட தோராயம், அரை நூற்றாண்டு கழித்து அறிவியல் போலப் பேசப்படுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரயில் தொகுதியில் சுமைதூக்குபவரும் கார்டும் இருந்தார்கள். கார்கள் வந்தபோது, ஒருசில விதிவிலக்குகள் தவிர, உள்ளே யாரும் இல்லை. ஓட்டுநர் இல்லை, பயணியும் இல்லை. அந்த வெற்றிடத்தில் குழந்தை தன்னை உட்கார்த்திக்கொள்ளும் என்று உளவியல் பேசலாம். வேலை செய்கிற உடல் காட்சியிலிருந்து விலக்கப்பட்ட இடம் அது என்றும் வாசிக்கலாம். ரோலான் பார்த் 1957இல் வெளியான தன் நூலில் பொம்மைகள் குழந்தையைப் பெரியவர்களின் உலகத்துக்கு முன்கூட்டியே பழக்குகின்றன என்று வாதிட்டார். அது சரிதான். ஆனால் பழக்கிய உலகத்தில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பின்ஸ் ரோட்டில் உடல்கள் இருந்தன. பூச்சுப் பிரிவிலும் பொருத்தும் பிரிவிலும் பெரும்பகுதி பெண்கள். வார்த்து வந்த காருக்கு நிறம் தெளிப்பதும், விளக்கிலும் பம்பரிலும் வெள்ளி நிறம் தீற்றுவதும், அச்சாணியில் சக்கரம் கோப்பதும் அவர்கள் கை. எங்கள் கையேடுகளில் நிற வேறுபாடுகளுக்குப் பக்கம் பக்கமாகப் பட்டியல் உண்டு. கரும்பச்சை உடல், சிவப்புச் சக்கரம். அதே உடல், மஞ்சள் சக்கரம். இரண்டுக்கும் விலையில் பத்து மடங்கு வித்தியாசம். அன்றைக்கு எந்தச் சக்கரக் குவியல் மேஜைக்கு வந்ததோ அதை எடுத்து மாட்டியிருப்பார் ஒரு பெண். அவரது அந்த நிமிஷம் இன்று 'அரிய வகை' என்ற பெயரில் விற்கப்படுகிறது. அவர் பெயர் எந்தக் கையேட்டிலும் இல்லை.

பெயர் வருகிற ஒரே இடம் பழி சுமத்துகிற இடம்தான், அதுவும் கூட்டுப் பெயராக. போருக்கு முந்தைய டிங்கி கார்களில் பல தாமாகவே வெடித்து நொறுங்கும். 'மசாக்' என்னும் துத்தநாகக் கலவையில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டால் போதும், உலோகத்தின் மணிகளுக்கிடையில் அரிப்பு தொடங்கும். வார்ப்பு உப்பும், கீறல் விடும், கடைசியில் மாவாகும். இதற்கு மருந்து கிடையாது. தூய்மையான துத்தநாகம் வாங்கி, வார்ப்பறையில் கலப்பில்லாமல் பார்த்துக்கொள்வது நிர்வாகத்தின் பொறுப்பு. ஆனால் சேகரிப்பாளர்களிடையே உலவும் கதை வேறு: தொழிலாளர்கள் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை உருக்குப் பானையில் வீசினார்களாம், அதனால்தான் கெட்டதாம்! ஒரு வர்க்கத்தின் மேல் இன்னொரு வர்க்கம் சொல்லும் புகாரின் அமைப்பு அப்படியே இதில் இருக்கிறது. நானும் இந்தக் கதையை நாலு பேரிடம் சுவாரசியமாகச் சொல்லியிருக்கிறேன்.

இடைப்பட்ட வரலாற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1956இல் கார்கி வந்தது, ஜன்னல்களுக்குக் கண்ணாடிபோல் பிளாஸ்டிக் பொருத்தி. தீப்பெட்டி அளவில் மேட்ச்பாக்ஸ், 1968இலிருந்து அமெரிக்காவின் ஹாட் வீல்ஸ். போட்டியில் தளர்ந்த மெக்கானோவை 1964இல் லைன்ஸ் பிரதர்ஸ் வாங்கினார்கள். 1971இல் அந்தக் குழுமமே விழ, மெக்கானோ ஏர்பிக்ஸின் கைக்குப் போனது. 1979 நவம்பர் 30 அன்று பின்ஸ் ரோடு தொழிற்சாலை மூடப்படுவதாக அறிவித்தார்கள், அன்றைக்கு அன்றே. வேலை இழந்தவர்கள் சுமார் 900 பேர். அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. உள்ளேயே இருந்து தொழிற்சாலையைக் கைப்பற்றிக்கொண்டார்கள். 1980 மார்ச்சில் வெளியேற்றப்படும்வரை, குளிர்காலம் முழுக்க அந்த ஆக்கிரமிப்பு நீடித்தது. தாட்சர் ஆட்சிக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத காலம். சேகரிப்பாளர் கையேடுகளில் இதற்கு 'உற்பத்தி நிறுத்தம்: 1979' என்று ஒரு வரி. அடுத்த வரியில் கடைசிக் கால மாதிரிகளின் விலை தொடங்கிவிடுகிறது.

இப்போது கல்கத்தா. 1960களின் பிற்பகுதியில் டிங்கி தன் பயன்பாடு முடிந்த வார்ப்பு அச்சுகள் சிலவற்றை அங்கே எஸ். குமார் அண்ட் கம்பெனிக்கு விற்றது. அச்சு என்பது உருக்குக் கட்டியில் குடைந்த எதிர்வடிவம். ஆயிரக்கணக்கில் உலோகம் பாய்ந்து பாய்ந்து அதன் விளிம்புகள் மழுங்கும். மழுங்கியதும் ஓரிடத்தில் கழிவு, வேறோரிடத்தில் மூலதனம். கல்கத்தாவில் அதே அச்சுகளிலிருந்து 'நிக்கி டாய்ஸ்' வந்தது. 'டிங்கி' என்றிருந்த இடத்தில் 'நிக்கி'. என் மெர்சிடிஸின் அடியில் பெயரைச் சுற்றிலும் உலோகம் கரடுமுரடாக இருந்தது. அச்சில் எழுத்தை மாற்றிய உளியின் தடம் என்று இப்போது ஊகிக்கிறேன். அன்று அதை வார்ப்புக் குறை என்று எண்ணி உப்புத்தாள் போட்டேன்.

சேகரிப்புச் சந்தையில் நிக்கிக்கு நெடுங்காலம் மரியாதை இல்லை. பெயிண்ட் தடிப்பு, மூடி சரியாகப் பொருந்தாது, 'மட்டமான காப்பி' என்பார்கள். காப்பி எப்படி ஆகும் என்று எனக்குப் புரியவில்லை. அச்சு அதே அச்சு. லிவர்பூல் பெண் வெள்ளி தீற்றினால் அசல், கல்கத்தாத் தொழிலாளி தீற்றினால் நகலா? அசல், நகல் என்ற எதிர்வு இங்கே பொருளில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. நம்மூர்ச் சேகரிப்பாளர்களே இந்த ஏளனத்தை அப்படியே கடன் வாங்கிப் பேசியதுதான் பரிதாபம். பிறகு வெளிநாட்டில் நிக்கிக்கும் ஆள் சேர்ந்தது. உடனே நம்மவர்களுக்கும் கண் திறந்தது. கெடக்கட்டும்.

வால்டர் பெஞ்சமின் பொம்மைகள் குறித்து 1928இல் எழுதியபோது, ஆதியில் பொம்மைக்கென்று தனித் தொழில் இருக்கவில்லை, தச்சரும் கன்னாரும் தங்கள் பட்டறை வேலையின் ஓரமாகச் செய்தவை அவை என்பதை நினைவூட்டினார். 1935இல் பாரிஸ் குறித்து எழுதியபோது, சேகரிப்பவன் பொருட்களைப் பயன்பாட்டின் அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கிறான் என்ற கனவைப் பற்றிப் பேசினார். நம் அனுபவத்தில் அந்த விடுதலை பாதிதான். பயன் மதிப்பு போகிறது, பரிவர்த்தனை மதிப்பு வீங்குகிறது. 1994இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பென்டால்ஸ் என்ற கடையின் பெயர் எழுதிய சிறிய டிங்கி வேன் 12,650 பவுண்டுக்குப் போனது. 2008இல் டபிள்யூ.ஈ. பாய்ஸ் என்ற பெயர் தாங்கிய இன்னொரு வேன் ஏறக்குறைய 20,000 பவுண்ட். இரண்டும் 1930களின் விளம்பர வண்டிகள் என்பது தற்செயலா? வியாபாரியின் பெயர் இருந்தால் விலை ஏறும். ஆணியால் கீறிய குழந்தையின் பெயர் இருந்தால் விலை விழும். ஒரு பொம்மை உச்ச விலைக்குப் போக வேண்டுமென்றால் அதை யாரும் விளையாடியிருக்கக் கூடாது, பெட்டிகூடக் கசங்கியிருக்கக் கூடாது. அதாவது பொம்மை தன் வேலையில் தோற்றிருக்க வேண்டும்.

கார்களைக் கட்டி நுணுக்கம் சேர்ப்பவர்கள், 'நாங்க வியாபாரிங்க இல்ல, கைவேலைக்காரங்க' என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். அமெரிக்காவில் ஏஎம்டி நிறுவனம் 1958இல் ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டக்கூடிய பிளாஸ்டிக் தொகுதிகளைக் கொண்டுவந்ததிலிருந்து இது ஒரு பெரிய உலகம். இதில் மிகவும் மதிக்கப்படும் திறமை 'வெதரிங்': துருவும் சேறும் எண்ணெய்க் கறையும் பிரஷ்ஷால் உண்டாக்குவது. உண்மையான கீறலை ரிமூவரில் கரைத்துவிட்டு அதன்மேல் பொய்யான துருவை வரைகிறோம். உழைப்பின் தடம் அழகாக வேண்டும், ஆனால் அது நம் கையிலிருந்து வர வேண்டும். மற்றவன் விட்டுப்போன தடம் அழுக்கு. இதைச் சொன்னபோது ஒரு நண்பர், 'அட போங்க சார், ஒரு சந்தோஷத்துக்குச் செய்றோம், அதுலயும் வர்க்கமா' என்றார். சந்தோஷம் பொய்யில்லை. ஒரு முன்விளக்கின் விளிம்பில் மூச்சை அடக்கிக்கொண்டு பிரஷ்ஷை இழுக்கும் அந்த விநாடி எனக்கு எந்தக் கூட்டத்திலும் கிடைத்ததில்லை. அதே இழுப்பை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை இழுத்தவருக்கு அது சம்பளம். ஒரே அசைவு, இரண்டு காலம். இதைத்தான் நான் இருபத்தைந்து ஆண்டு யோசிக்காமல் இருந்தேன்.

இந்த நூற்றாண்டில் டிங்கி மறுபடி வந்தது. அட்லஸ் எடிஷன்ஸ் என்ற சந்தா விற்பனைக்காரர்கள் பழைய மாதிரிகளைச் சீனாவில் புதிதாக வார்த்து, பழைய பெட்டியையும் அச்சு அசலாக அச்சடித்து அனுப்பினார்கள். நானும் ஒன்று வரவழைத்தேன். பெட்டியில் ஐம்பதுகளின் எழுத்து, ஐம்பதுகளின் மஞ்சள். காரில் வலப்பக்க விளக்கின் வெள்ளி மட்டும் ஒரு மயிரிழை வெளியே வழிந்திருந்தது. பழக்க தோஷம், பிரஷ்ஷை எடுத்துவிட்டேன். பிறகு துடைத்து வைத்துவிட்டு மெர்சிடிஸை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நான் தேய்த்தது நல்ல தேய்ப்பு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாலும் 'பா' தெரியவில்லை, 'பு' தெரியவில்லை.