யுரேனிய ஆய்வில் கதிர்வீச்சு அளவுப் பிரமாணம்

பாறைகள் வெளியிடும் காமாக் கதிர்களை அளந்து, எவர் எக்கருவியால் அளந்தாலும் முடிவு ஒன்றாகவே அமையும்படி, அவற்றிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் விகிதமாகக் கூறுவதற்கு வகுத்த முறை இது.

கதிரியக்கத்துக்குப் பொது அளவு வேண்டுமென்று 1910-இல் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் கூடிய விஞ்ஞானிகள் கருதினர். அதன் பயனாக மேரி கியூரி 1911-இல் தயாரித்த ரேடியம் குளோரைடே சர்வதேசப் பிரமாணமாயிற்று. ஆயினும் ஆய்வுக்கூடத்துப் பிரமாணம் மலையேறி அலைந்த புவியியலாருக்கு நேரே உதவவில்லை. இந்தியாவில் புவியியலாளர் டி. என். வாடியாவின் தலைமையில் தொடங்கிய ஆய்வுப் பிரிவு 1951-இல் ஜாதுகுடா யுரேனியப் படிவைக் கண்ட காலத்தில், கைகர் கருவியின் துடிப்பெண்ணையோ, சுற்றுப்புற அளவின் மடங்கையோ குறிப்பதே வழக்கமாயிருந்தது. முத்திரையிடாத எடைக்கற்களைக் கொண்டு ஈரோட்டு மண்டியில் மஞ்சள் நிறுத்தால் கணக்கு எவ்வாறு ஒவ்வாதோ, அவ்வாறே இரு குழுவினரின் எண்களும் ஒவ்வாமற் போயின.

அன்றியும், அக்கருவி கதிரின் மூலத்தைப் பிரித்தறியாது. கோபிசெட்டிபாளையத்தைச் சூழ்ந்த நைஸ் பாறைகளிலும், புவியியலாளர் ஹாலந்து 1901-இல் விவரித்த காங்கேயத்துச் சிவன்மலைச் சயனைட்டிலும் உள்ள பெல்ஸ்பார் பொட்டாசியம் தாங்கியது. மணவாளக்குறிச்சி மணலின் மோனசைட்டோ தோரியம் மிக்கது. இவையாவும் முள்ளை உயர்த்தும். யுரேனியம் கிடைத்துவிட்டதென்ற பொய்ந்நம்பிக்கையையும் உண்டாக்கும்.

சோடியம் அயோடைடு படிகம் பொருத்திய நிறமாலைமானி இவ்விடரை ஒருவாறு தீர்த்தது. பொட்டாசியத்தின் கதிர் 1.46, யுரேனியத் தொடரின் பிஸ்மத் 1.76, தோரியத் தொடரின் தாலியம் 2.62 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றல்களில் தனித்தனியே பதிவாகின்றன. எனினும், தோரியத்தின் கதிர் சிதறி ஆற்றல் குன்றி யுரேனியத்தின் பகுதியில் வந்து கலப்பதால், கழிக்கவேண்டிய பங்கை அறிய, உள்ளடக்கம் தெரிந்த காங்கிரீட்டுத் தளங்களின்மேல் கருவியை வைத்துப் பார்ப்பதொன்றே வழியாயிற்று. கனடாவில் ஒட்டாவா அருகே அப்லாண்ட்ஸ் விமான நிலையத்தில் 1968-இல் இத்தகைய தளங்கள் அமைந்தன. அமெரிக்காவில் கிராண்ட் ஜங்ஷனிலும், இந்தியாவில் நாகபுரியிலும் பின்னர் அமைந்தன. சர்வதேச அணுசக்தி முகமை 1976-இல் தன் 174-ஆம் அறிக்கையால் பதிவுமுறையை ஒழுங்குபடுத்தியது. பத்து லட்சத்தில் 400 பங்கு யுரேனியமும், 800 பங்கு தோரியமும் கொண்ட பிரமாணத் தூள்களையும் பின்னாளில் உலகெங்குமுள்ள ஆய்வுக்கூடங்களுக்கு வழங்கியது. தேசங்களின் எண்கள் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கனவானது இதனால்தான். இவ்வரலாற்றின் தலையாய சாதனையும் இதுவே.

ஆனால் எத்தளமும் நீக்கவொண்ணாத குறையொன்றுண்டு. நாம் அளப்பது யுரேனியத்தையன்று, அதன் வழித்தோன்றலான பிஸ்மத்தை. நிலத்தடி நீர் யுரேனியத்தைக் கரைத்துச் சென்று ரேடியத்தை மட்டும் விட்டுவைத்த இடத்தில் கருவி மிகைபடக் கூறும். ஆகையால், இரசாயனச் சோதனையிற் கண்ட யுரேனியத்தையும் ரேடியத்தையும் ஒப்புநோக்கிய பின்னரே படிவின் தரத்தை நிர்ணயிக்கின்றனர்.