கூகுள் பழக்கமும் நூலகப் பட்டியலும்

நீலகிரி மலையில் கோத்தகிரி–ஊட்டி சாலையில் இருக்கும் கட்டபெட்டில் ஒரு கல்லூரி மாணவி தன் படுகர் சமூகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதப்போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கைபேசியில் ‘படுகர் வரலாறு’ என்று தட்டுகிறாள். ‘படகர்’ என்றாலும், ஓர் எழுத்து பிசகினாலும், கூகுள் எதையாவது கொண்டுவந்து கொட்டிவிடும். அதே சொற்களை நூலகக் கணினியில் தட்டும்போது ‘முடிவுகள் இல்லை’ என்று வந்தால், இங்கே ஒன்றுமில்லை என்று எழுந்துவிடுவாள். புத்தகமோ அலமாரியில்தான் இருக்கும்.

இரண்டும் தேடும் இடம் வேறு. கூகுள் பக்கத்தின் உள்ளே உள்ள சொற்களையெல்லாம் படித்து வைத்திருக்கிறது. எந்தப் பக்கத்துக்கு மற்றவர்கள் அதிகம் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் வைத்து வரிசைப்படுத்துகிறது. 1998இல் கூகுளின் நிறுவனர்கள் பேஜும் பிரின்னும் முன்வைத்த யோசனை அது. நூலகப் பட்டியல் பெரும்பாலும் புத்தகத்தைத் திறப்பதில்லை. ஆசிரியர், தலைப்பு, பொருள், வகைப்பாட்டு எண் என்று நூலகர் பதிந்த சில வரிகளே அதற்குத் தெரியும்.

ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ படுகர் வாழ்வைச் சொல்லும் நாவல். தலைப்பில் அந்தப் பெயரே கிடையாது. பொருள் தலைப்பாக ஒருவர் எழுதி வைத்திருந்தால் வரும், இல்லையென்றால் வராது. தமிழ்ப் புத்தகத்தை ரோமன் எழுத்தில் பதிந்த பட்டியல்களில் தொல்லை இன்னும் கூடுதல்: ‘ஞ்சி’க்கு எந்த எழுத்து, ‘த்’ ஒன்றா இரண்டா, சேர்த்தா பிரித்தா என்று பதிந்தவர் மனதை ஊகிக்க வேண்டும்.

பட்டியல் கூகுளை மிஞ்சும் இடமும் இதே மலையில்தான் இருக்கிறது. 1832இல் ஹார்க்னஸ் எழுதிய நூலின் தலைப்பில் மலையின் பெயர் ‘நெய்ல்கெரி’. 1880இல் கிரிக் தந்த மாவட்டக் கையேட்டில் ‘நிலகிரி’. 1908இல் பிரான்சிஸ் எழுதிய கெசட்டியரில் ‘நீல்கிரிஸ்’. ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்றிலும் வேறு. நல்ல நூலகர் மூன்றையும் ஒரே பொருள் தலைப்பின்கீழ் சேர்த்துவிடுவார். பால் ஹாக்கிங்ஸ் 1978இல் நீலகிரிக்கென்றே ஒரு நூற்பட்டியலை வெளியிட்டார். யாரும் இணைப்புக் கொடுக்காத பழைய கட்டுரைக்கும் அப்படியொரு பட்டியலில் இடம் உண்டு; கூகுளின் முதல் பக்கத்தில் அதற்கு இடம் கிடைப்பது அரிது.

எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள், நெருங்கிய சொல்லைக் காட்டு என்று வாசகர் எதிர்பார்ப்பது முழுக்க நியாயம். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்று சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் ரங்கநாதன் 1931இலேயே தன் ஐந்து நூலகவியல் விதிகளில் நான்காவதாக எழுதிவிட்டார். ஆனால் முதலில் வருவதே சிறந்தது என்ற எண்ணத்தை நூலக வாசலிலேயே விட்டுவிட வேண்டும். அங்கே மேலே நிற்பது புதிதாக வந்த நூலாக இருக்கலாம், வெறும் அகர வரிசையில் முந்தியதாகவும் இருக்கலாம். முதல் மூன்றைப் பார்த்துவிட்டு நகர்கிறவருக்குத்தான் இழப்பு.

முடிவு ஏதும் வராவிட்டால் எழுந்துவிடாதீர்கள். ஆசிரியர் பெயரை மட்டும் போடுங்கள், சொற்களைக் குறையுங்கள், பிறகு நூலகரைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஆகவே தமிழில் பிழை பொறுக்கும் தேடலும், பொருள் தலைப்பு எழுதத் தெரிந்த நூலகரும் வேண்டும் என்று உங்கள் ஊர் நூலகத்தில் எழுதிக் கொடுங்கள்.