காணிப்பாக்கம் வழியாகத் திருப்பதிக்கு, ரோட்டைப் பார்த்தே பறக்கலாம்: 'விர்ச்சுவல் குரூப் ஃப்ளைட்' எப்படி நடக்கிறது?

பெங்களூருவிலிருந்து திருப்பதிக்குக் காரில் போகும் பலருக்கும் ஒரு பழக்கம் உண்டு. சித்தூர் தாண்டியதும் காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்த்துவிட்டுத்தான் மலைக்குப் போவார்கள். வேலூர், காட்பாடி பக்கமிருந்து போகிறவர்களுக்கும் அதுவே வழி. அந்த ரோட்டின் டோல்கேட், டீக்கடை, மாந்தோப்பு எல்லாம் நமக்கு மனப்பாடம். அதே ரோடு 3,000 அடி உயரத்திலிருந்து எப்படித் தெரியும்?

சொந்த விமானம் இல்லாதவர்களும் இதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஃப்ளைட் சிமுலேட்டரில் நண்பர்கள் பலர் ஒரே நேரத்தில், ஒரே நெடுஞ்சாலையைப் பின்தொடர்ந்து பறப்பது. இதைத்தான் 'விர்ச்சுவல் குரூப் ஃப்ளைட்' என்கிறார்கள். இது எப்படி நடக்கிறது, திரையில் தெரிவதை எவ்வளவு நம்பலாம் என்பதை இந்த ரோட்டையே உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

குரூப் ஃப்ளைட் என்றால் என்ன?

ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில், அவரவர் கணினியில் அல்லது எக்ஸ்பாக்ஸில் விமானத்தை ஓட்டுகிறார்கள். எல்லோரும் ஒரே ஆன்லைன் உலகத்தில் இணைந்திருப்பதால் ஒருவர் விமானம் மற்றவர் திரையில் தெரியும். பேசிக்கொள்ள டிஸ்கார்ட் போன்ற ஏதாவது ஒரு குரல் செயலி.

முன்னால் போகிறவர் 'லீட்'. வழி, உயரம், வேகம் மூன்றையும் அவர்தான் சொல்வார். கடைசியில் ஒருவர் வருவார். யாராவது வழி தவறினால் கண்டுபிடித்துச் சேர்ப்பது அவர் வேலை. இதில் போட்டி, புள்ளிகள், வெற்றி எதுவும் கிடையாது. சேர்ந்து பைக் ரைடு போவது மாதிரிதான்.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் முதல் பதிப்பு 1982-லேயே வந்துவிட்டது. ஆனால், உள்ளூர் ரோட்டை அடையாளம் கண்டு பறப்பது பரவலாகச் சாத்தியமானது 2020 ஆகஸ்டில் வெளியான பதிப்புக்குப் பிறகுதான். பிங் மேப்ஸின் செயற்கைக்கோள் படங்களை இணையம் வழியாக எடுத்து, உலகம் முழுவதையும் அது காட்டியது. அடுத்த பதிப்பு 2024 நவம்பரில் வந்தது.

எதற்காக ரோட்டைப் பின்தொடர வேண்டும்?

ஜிபிஎஸ் வருவதற்கு முன்பு விமானிகளுக்கு ரோடு, ரயில் பாதை, ஆறு இவைதான் வழிகாட்டி. கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் முறைக்கு 'ஐஎஃப்ஆர்' என்று பெயர். அதற்கு 'ஐ ஃபாலோ ரோட்ஸ்' என்று விரிவாக்கம் சொல்லிச் சிரிப்பது விமானிகளிடையே பழைய ஜோக். கண்ணால் தரையைப் பார்த்துப் பறக்கும் முறை 'விஎஃப்ஆர்'. ரோட்டைப் பின்தொடரும் குரூப் ஃப்ளைட் இந்த வகை.

நம்ம ஊர் வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தபால் மூட்டைகளுடன் பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மதராஸுக்கு எடுத்து வந்தார். மேப்பில் பெல்லாரியையும் சென்னையையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். அந்தக் கோடு கிட்டத்தட்ட திருப்பதிக்கு மேலேயே போகிறது.

வழி: வேலூரிலிருந்து ரேணிகுண்டாவுக்கு

காணிப்பாக்கத்தில் விமான நிலையம் இல்லை. அதனால் வேலூர் அப்துல்லாபுரம் ஓடுதளத்தில் கிளம்பி, திருப்பதி விமான நிலையம் இருக்கும் ரேணிகுண்டாவில் இறங்குவது வசதி. மொத்தம் சுமார் 110 கி.மீ. 100 நாட், அதாவது மணிக்கு சுமார் 185 கி.மீ. வேகத்தில் போனால், வளைவுகளையும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகும்.

* வேலூர் – சித்தூர்: காட்பாடியைத் தாண்டி வடக்கே. ரோடும் ரயில் பாதையும் இரண்டுமே கூட வரும்.
* சித்தூர் – பூதலப்பட்டு: தேசிய நெடுஞ்சாலை 40. இடதுபக்கம், ரோட்டிலிருந்து சற்று உள்ளே காணிப்பாக்கம்.
* பூதலப்பட்டு – சந்திரகிரி: இங்கே வலதுபக்கம் பிரியும் தேசிய நெடுஞ்சாலை 140-ஐப் பிடிக்க வேண்டும். வழியில் பாகாலா ஜங்ஷன்.
* சந்திரகிரி – ரேணிகுண்டா: இடதுபக்கம் சேஷாசலம் மலைத்தொடர், கீழே சுவர்ணமுகி ஆறு, எதிரே திருப்பதி ஊர், அதைத் தாண்டி ஓடுதளம்.

புதியவர்கள் தவறக்கூடிய இடம் எது? பூதலப்பட்டில் நெடுஞ்சாலை 40 நேராகப் பீலேரு பக்கம் போய்விடும். சரி, ரயில் பாதையைப் பார்த்துப் போகலாம் என்றால், பாகாலாவில் அதுவும் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று திருப்பதிக்கு, இன்னொன்று தர்மாவரத்துக்கு. அந்த தர்மாவரம் பாதையும் பீலேரு வழியாகத்தான் போகிறது. ஆக, எந்தப் பிரிவில் தவறினாலும் போய்ச்சேருவது பீலேரு! 'லீட்' இந்த இரண்டு இடங்களையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எந்த விமானம், எவ்வளவு உயரம்?

செஸ்னா 172 போன்ற சிறிய விமானம் போதும். காரணம் வேகம். 100 நாட்டில், 30 டிகிரி சாய்ந்து திரும்பினால், திரும்பும் வட்டத்தின் ஆரம் சுமார் 470 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் ஆரம் நான்கு மடங்கு, கிட்டத்தட்ட 1.9 கி.மீ. ஜெட் விமானத்தில் ரோட்டைப் பின்தொடர்வது கஷ்டம் என்பது இதனால்தான். செஸ்னாவிலேயே கூட மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை அப்படியே பின்தொடர முடியாது.

உயரத்தில் ஒரு குழப்பம் வரும். விமானத்தின் உயரமானி காட்டுவது கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரம். சித்தூர் ஊரே கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிக்கு மேல்தான் இருக்கிறது. எனவே 3,000 அடி என்று காட்டினாலும் தரையிலிருந்து 2,000 அடிக்கும் குறைவுதான்.

இன்னொரு முக்கியமான பழக்கம்: ரோட்டுக்கு நேர் மேலே பறக்காமல், ரோடு உங்கள் இடதுபக்கம் இருக்கும்படி பறக்க வேண்டும். விமானி உட்காருவது இடது இருக்கையில், அதனால் ரோடு நன்றாகத் தெரியும். எதிரே வருபவரும் இதையே செய்தால் மோதலும் வராது. சாலையில் இடதுபக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு இது தலைகீழ். இந்த வழியில் இதனால் கூடுதல் லாபமும் உண்டு. காணிப்பாக்கம், சேஷாசலம் இரண்டுமே இடதுபக்கம்தான். மலையிலிருந்து விலகியும் இருப்பீர்கள்.

இறங்குவதற்கும் ஒரு சின்னக் கணக்கு. ரேணிகுண்டா ஓடுதளம் சுமார் 350 அடி உயரத்தில் இருக்கிறது. 3,000 அடியிலிருந்து நிமிடத்துக்கு 500 அடி வீதம் இறங்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் 90 நாட் வேகத்தில் சுமார் 15 கி.மீ. போயிருப்பீர்கள். அதனால் சந்திரகிரியைத் தாண்டியதுமே இறங்க ஆரம்பித்துவிட வேண்டும்.

திருமலைக்கு மேலே பறக்கலாமா?

சிமுலேட்டரில் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் நிஜத்தில் இது உணர்வுபூர்வமான விஷயம். கோவிலுக்கு மேல் விமானம் பறப்பது ஆகம விதிகளுக்கு எதிரானது என்பது பக்தர்கள் பலரின் கருத்து. திருமலையை விமானங்கள் பறக்கத் தடை செய்யப்பட்ட பகுதியாக அறிவிக்கக் கோரி, திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் தலைவர் பி.ஆர். நாயுடு 2025 மார்ச்சில் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம் மோகன் நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜனவரியில், கோவிலை ட்ரோனில் படம்பிடித்ததாக ஒரு வீடியோ பரவி பெரிய சர்ச்சையானது.

விளையாட்டுக்கு அந்த விதி பொருந்தாது. ஆனாலும் பலர் சேர்ந்து பறக்கும்போது கூட வருபவர்களில் பக்தர்களும் இருப்பார்கள். மலையைத் தள்ளி நின்று பார்ப்பதே நல்லது. பாதுகாப்புக் காரணமும் உண்டு: திருமலை ஊர் சுமார் 2,800 அடி உயரத்தில் இருக்கிறது, சுற்றியுள்ள சிகரங்கள் அதைவிட உயரம். 3,000 அடியில் அந்தப் பக்கம் திரும்பினால் நேராக மலைதான்.

திரையில் தெரிவது நிஜமா?

இதுதான் முக்கியமான கேள்வி. பதில்: பாதி பதிவு, பாதி ஊகம்.

தரையின் படமும் மலையின் மேடுபள்ளமும் நிஜத் தரவுகள். ஆனால் அந்தப் படம் என்றோ ஒருநாள் எடுத்தது. நேரலை வானிலையை ஆன் செய்தால் சித்தூரில் மழை கொட்டும், கீழே தெரியும் ஏரியோ படம் எடுத்த அன்று இருந்தபடி வறண்டே கிடக்கும். புதிதாக அகலப்படுத்திய ரோடு பழைய ரோடாகவே தெரியலாம்.

கட்டடங்கள் பெரும்பாலும் ஊகம். 2020 பதிப்பில், மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து சுமார் 150 கோடி கட்டடங்களை செயற்கை நுண்ணறிவு எழுப்பியது. அதற்குத் தெரிவது கூரை மட்டும்தான். லண்டனின் பக்கிங்ஹாம் அரண்மனையே ஆரம்பத்தில் ஏதோ ஆபீஸ் கட்டடம் மாதிரிதான் காட்சியளித்தது. உலகப் புகழ்பெற்ற அரண்மனைக்கே அந்த நிலை என்றால், யாரும் தனியாக வடிவமைக்காத ஒரு ஊர்க் கோபுரம் அடுக்குமாடிக் கட்டடமாக நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

சில நேரம் தவறு மனிதர்களிடமிருந்தும் வரும். அதே 2020-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் புறநகரில் 212 மாடிக் கோபுரம் ஒன்று தனியாக வானத்தைத் தொட்டு நின்றது. காரணம், ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் ஒருவர் 2 மாடி என்பதற்குப் பதில் 212 என்று தட்டியிருந்தார். பின்னர் அது திருத்தப்பட்டாலும், பழைய தரவு ஏற்கெனவே விளையாட்டுக்குள் போய்விட்டது.

காணிப்பாக்கம் பிள்ளையார் முன் பொய் சத்தியம் செய்ய யாரும் துணிய மாட்டார்கள் என்பது இந்தப் பகுதியின் நம்பிக்கை. சிமுலேட்டருக்கு அந்தப் பயம் இல்லை. தெரியாததை 'தெரியாது' என்று காலியாக விடாமல், ஒரு கட்டடத்தை வைத்து நிரப்பிவிடும். எனவே ஏதாவது ஒரு ஊரில் ஏரி இருக்கிறதா, கட்டடம் எத்தனை மாடி என்பதற்கெல்லாம் சிமுலேட்டர் ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாகக் காட்டக்கூடாது.

இதே பயணம் நிஜத்தில் முடியுமா?

முடியும், ஆனால் நினைத்தவுடன் முடியாது. இந்தியாவில் தனிநபர் விமானி உரிமத்துக்கே குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்; வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம். வீட்டுக் கணினியில் பறந்த நேரம் இதில் கணக்கில் வராது. உரிமம் இருந்தாலும் பயணத் திட்டம் தாக்கல் செய்து, 'ஏர் டிஃபன்ஸ் கிளியரன்ஸ்' எனப்படும் வான் பாதுகாப்பு அனுமதியும் வாங்க வேண்டும். சிமுலேட்டர் தருவது உரிமம் அல்ல, பழக்கம் மட்டுமே: மேப்பைப் படிப்பது, உயரத்தைக் கணக்கிடுவது, அடுத்த அடையாளத்தை முன்கூட்டியே தேடுவது.

தொடங்க என்ன வேண்டும்?

* மைக்ரோசாஃப்டின் 2024 பதிப்புக்குக் கணினியில் குறைந்தது 16 ஜிபி ரேம், 10 எம்பிபிஎஸ் இணையம் தேவை.
* காசு செலவில்லாமல் வேண்டுமென்றால் ஃப்ளைட்கியர். இலவசம், திறந்த மூல மென்பொருள், பலர் சேர்ந்து பறக்கும் வசதியும் உண்டு.
* வழியை வரைந்து எல்லோருக்கும் அனுப்ப 'லிட்டில் நாவ்மேப்' என்ற இலவசச் செயலி.
* எல்லோரும் ஒரே வகை விமானம், ஒரே நேரம், ஒரே வானிலை வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை என்றால் காலை நேரமும் தெளிவான வானமும்.

பறந்து முடித்த பிறகு உங்கள் ஊர் ரோடோ தெருவோ மேப்பில் விடுபட்டிருப்பது தெரிந்தால், ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஃப்ளைட்கியர், எக்ஸ்-பிளேன் போன்ற சிமுலேட்டர்களின் நிலக்காட்சிகளுக்கும் அந்தத் தரவு பயன்படுகிறது. சேமிக்கும் முன் மாடி எண்ணிக்கையை மட்டும் இன்னொரு முறை சரிபார்த்துவிடுங்கள்.