தீப்பற்றும் பொருளும் தடுமாறும் சொல்லும்

எண்ணெய் ஏற்றிச் செல்லும் லாரிகளின் பின்புறத்திலும் இரசாயனக் கிடங்குகளின் கதவுகளிலும் 'இன்ஃபிளாமபிள்' என்னும் ஆங்கிலச் சொல்லை நாம் காண்கிறோம். எளிதில் தீப்பற்றக்கூடியது என்பது அதன் பொருள். மக்களை எச்சரிப்பதற்காகவே எழுதப்படும் இச்சொல், எச்சரிக்கைக்கு நேர்மாறான பொருளைத் தந்துவிடுமோ என்ற அச்சம் இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது. ஒரு முன்னொட்டைப் பற்றிய ஐயம் உயிரைப் பற்றிய கவலையாக மாறிய வரலாறு அது.

இலத்தீன் மொழியில் 'ஃபிளாம்மா' என்றால் சுடர். அதனோடு 'இன்' என்னும் முன்னொட்டுச் சேர்ந்து, தீ மூட்டுதலைக் குறிக்கும் வினை பிறந்தது. இந்த 'இன்' உள்ளே என்பதைக் குறிப்பது. வினைக்கு வலிமை சேர்ப்பது. ஆனால் அம்மொழியில் இன்மையைக் குறிக்கும் வேறோர் 'இன்' உண்டு. கண்ணுக்குப் புலப்படாததை 'இன்விசிபிள்' என்பது அவ்வகை. வடிவில் ஒன்றாய்ப் பொருளில் வேறாய் நிற்கும் இவ்விரண்டும் ஆங்கிலத்திலும் குடிபுகுந்தன. நம் வழக்கிலும் இதற்கு ஒப்புண்டு. வடமொழியின் 'வி' என்னும் முன்னொட்டு, 'விமலம்' என்பதில் மாசின்மையைக் காட்டுகிறது. 'விஞ்ஞானம்' என்பதிலோ சிறப்பான அறிவைக் காட்டுகிறது.

இச்சொல் கற்றோரிடையே மட்டும் வழங்கியவரை தீங்கொன்றுமில்லை. 1766இல் ஹென்றி காவெண்டிஷ், பின்னாளில் ஹைட்ரஜன் எனப் பெயர் பெற்ற வாயுவை 'இன்ஃபிளாமபிள் ஏர்' என்றே குறித்தார். படித்தவர் எவரும் அதை எரியாத காற்று என்று கொள்ளவில்லை. பெட்ரோலும் அதன் இனப்பொருள்களும் தொழிற்சாலைகளிலும் சாலைகளிலும் பெருகியபோதுதான் நிலை மாறியது. சொல்லைப் படிக்க வேண்டியவர் இலத்தீன் கற்றவர் அல்லர். பீப்பாயை உருட்டும் தொழிலாளி. 1920களில் அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம், முன்னொட்டை நீக்கி 'ஃபிளாமபிள்' என எழுதுமாறு வற்புறுத்தத் தொடங்கியது. அது புதிய சொல்லன்று. 1813இலேயே தோன்றி, அதிகம் வழங்காமல் இருந்த சொல். 1959இல் பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனமும் இதனையே ஆதரித்தது. பழைய சொல்லில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆயினும் எச்சரிக்கைப் பலகைக்கு இலக்கணத்தினும் தெளிவே முதன்மையானது.

இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர் பெஞ்சமின் லீ வோர்ஃப். மொழியியலாளராகப் புகழ்பெற்ற இவர், 1919 முதல் ஓர் அமெரிக்கத் தீக்காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றினார். விபத்துகளை ஆராய்ந்தபோது, பொருளின் தன்மை மட்டுமன்றி அதற்கு இட்ட பெயரும் தீக்குக் காரணமாவதைக் கண்டார். பெட்ரோல் நிறைந்த பீப்பாய்களின் அருகே மிகுந்த கவனத்துடன் நடப்பவர்கள், 'வெற்றுப் பீப்பாய்' எனப்பட்டவற்றின் அருகே கவலையின்றிப் புகை பிடித்தனர். ஆனால் வெற்றுப் பீப்பாயில் நிறைந்திருப்பது பெட்ரோல் ஆவி. நீர்மப் பெட்ரோல் எரிவதில்லை. அதன் ஆவியே காற்றோடு கலந்து எரிகிறது. காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே ஒரு பொறி போதும். மற்றோரிடத்தில், சுண்ணாம்புக்கல்லிலிருந்து செய்த உறையைக் கல் எனும் பெயரால் தீப்பிடிக்காதது என நம்பினர். அமில ஆவி பட்டு மாறியிருந்த அவ்வுறை, வெப்பத்தில் அசிட்டோனை வெளியிட்டு எரிந்தது.

நம் நாட்டில் 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டத்தைத் தொடர்ந்து, 1952இல் இயற்றப்பட்ட சட்டம் தன் பெயரிலேயே 'இன்ஃபிளாமபிள்' என்னும் பழஞ்சொல்லைத் தாங்கியது. உலகெங்கும் சரக்குகளில் ஒட்டப்படும் ஐக்கிய நாடுகளின் அபாயச் சீட்டுகளோ 'ஃபிளாமபிள்' என்பதையே கையாள்கின்றன. இரண்டு சொற்களும் ஒரே பொருளுடையன என்பதை நாம் மறத்தலாகாது.

'எளிதில் தீப்பற்றும்' என்னும் தமிழ்த் தொடரில் மயக்கத்துக்கு இடமில்லை. ஆனால் 'காலி' என்னும் சொல்லில் உண்டு. 'காலி டிரம்' என்று நம்பிப் பற்றவைப்புக் கருவியை அதன்மேல் வைப்பவருக்கு, அவ்வொரு சொல்லே பகையாகிவிடும். தீயைக் காப்பதுபோல் சொல்லையும் காத்து வழங்குதல் நம் கடமை.